கலங்கிய குளத்து நீரில் 200 கிலோஹெர்ட்ஸ் ஒலி ஏன் மங்குகிறது?

கோத்தகிரி_விவசாயி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோத்தகிரிக்கு அருகிலுள்ள ஒரு ஹட்டியில் (மலைக்கிராமத்தில்) தேயிலையும் மலைக்காய்கறியும் பயிரிடுகிறோம். எங்கள் ஹட்டியின் சில குடும்பங்கள் பொதுவில் பயன்படுத்தும் பாசனக் குளம் ஒன்று இரு சரிவுகளுக்கு நடுவே இருக்கிறது. கோடையில் கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் அந்தத் தண்ணீரை விட்டால் வேறு வழியில்லை. மழைக்காலம் தோறும் மேல்சரிவுத் தோட்டங்களின் செம்மண் கரைந்து வந்து அதில் படிகிறது. 2009 நவம்பரில் நீலகிரியெங்கும் மண்சரிவுகள் நேர்ந்த அந்த மழையில், குளத்தின் ஒரு மூலை சில நாள்களிலேயே தூர்ந்து போனதை என் தந்தையுடன் கரையில் நின்று பார்த்தேன். அன்றிலிருந்து இந்தக் குளத்தின் ஆழத்தைக் குறித்த கவலை என்னை விட்டு நீங்கவில்லை.

எவ்வளவு மண் படிந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் தூர் வாருவதற்கான செலவைக் குடும்பங்களிடம் சொல்ல முடியும். அதற்காக 50, 200 கிலோஹெர்ட்ஸ் ஆகிய இரண்டு அதிர்வெண்களிலும் இயங்கும் மீன் தேடும் சோனார் (ஒலியை அனுப்பி எதிரொலியால் ஆழம் காட்டும்) கருவி ஒன்றை வாங்கி, பிளாஸ்டிக் பீப்பாய்களை இணைத்துக் கட்டிய மிதவையில் பொருத்தி, கரையில் நட்ட அளவுகற்களுக்கு இடையே கயிறு கட்டி அளந்து வருகிறேன். மார்ச் மாதத்தில் அணைக்கரையை ஒட்டிய பகுதியில் இரண்டு அதிர்வெண்களும் ஒரே ஆழத்தைக் காட்டின. கருவியின் திரையில் 8 மீட்டரில் தரைக்கோடு கூர்மையாக விழுந்தது. வடகிழக்குப் பருவமழை தொடங்கிய பின், நீர்மட்டம் அதே குறியில் நின்ற ஒரு நாளில் மீண்டும் அளந்தேன். 50 கிலோஹெர்ட்ஸ் முன்போலவே 8 மீட்டரைக் காட்டியது. 200 கிலோஹெர்ட்ஸ் கோடோ மங்கிக் கலைந்து, அரை மீட்டர் மேலே தெரிந்தது. சில இடங்களில் தெரியவே இல்லை. ஆனால் நடுநீரில் திரை தெளிவாகவே இருந்தது, புகைமூட்டம் போன்ற எதுவும் இல்லை. மேல்மட்டத்து நீரில் ஒரு லிட்டர் எடுத்து வடிகட்டி உலர்த்தியபோது ஏறத்தாழ 1 கிராம் மண் கிடைத்தது.

நீரில் மிதக்கும் மண் ஒலியை விழுங்குமா, விழுங்கினால் அந்த ஆற்றல் எங்கே போகிறது, ஏன் ஓர் அதிர்வெண் மட்டும் இப்படிப் பாதிக்கப்படுகிறது, கடைசியில் எந்த ஆழத்தை நான் நம்ப வேண்டும் என்று விளக்கிச் சொல்வீர்களானால் பெரிதும் உதவியாக இருக்கும்.

அலைநீளம் எழுதியது:

வணக்கம் ஐயா. விழுங்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் உங்கள் குளத்தில் நடப்பதற்கு அது மட்டுமே காரணமா என்பதைக் கணக்குப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

ஒலி நீரில் செல்லும்போது நீர் நுண்ணிய அளவில் முன்னும் பின்னும் ஊசலாடுகிறது. அந்த நீரில் மிதக்கும் மண்துகளின் அடர்த்தி நீரைப்போல ஏறத்தாழ 2.6 மடங்கு. கனமானது என்பதால் நீரின் ஊசலாட்டத்துக்கு ஈடுகொடுத்து அசைய அதனால் இயலாது, சற்றுப் பின்தங்குகிறது. மலைப்பாதையின் வளைவுகளில் பேருந்து திரும்பும்போது நின்றுகொண்டிருப்பவர் கம்பியைப் பிடித்திருந்தாலும் ஒரு கணம் பிந்தியே சாய்வதையும், அப்போது உள்ளங்கை கம்பியில் உராய்வதையும் நினைத்துக்கொள்ளுங்கள். துகளின் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய நீர்ப்படலமும் அப்படித்தான் தேய்க்கப்படுகிறது. நீரின் பாகுத்தன்மை (பிசுபிசுப்பு) காரணமாக அந்த உராய்வில் ஒலியாற்றல் வெப்பமாக மாறுகிறது. அளவு மிகச் சிறியது என்பதால் குளம் சூடாகிவிடாது. ஆனால் திரும்பி வரும் எதிரொலியில் அந்தக் குறை தெரியும்.

இங்கே துகளின் பருமன்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. உராய்வு நடக்கும் அந்தப் படலத்தின் தடிமன் அதிர்வெண்ணைப் பொறுத்தது: 200 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 1.3 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), 50 கிலோஹெர்ட்ஸில் 2.5 மைக்ரான். துகள் இந்தத் தடிமனைவிட மிகச் சிறியதாக இருந்தால் பாகுத்தன்மை அதைத் தன்னோடு இழுத்துச் சென்றுவிடும். பின்தங்கல் இல்லாததால் உராய்வும் இல்லை. துகள் மணலைப்போலப் பெரியதாக இருந்தால் அது ஏறத்தாழ அசையாமல் நிற்க, நீர் அதைச் சுற்றி ஊசலாடும். உராய்வு உண்டு, ஆனால் ஒரு கிராம் மணலுக்கு இருக்கும் மொத்த மேற்பரப்பு மிகக் குறைவு என்பதால் இழப்பும் குறைவு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பருமனில் இழப்பு உச்சத்தைத் தொடுகிறது. 200 கிலோஹெர்ட்ஸுக்கு அந்தப் பருமன் ஏறத்தாழ 3 மைக்ரான் விட்டம், அதாவது மென்வண்டலும் களிமண்ணும் சந்திக்கும் இடம்.

ஊசலாடும் கோளத்தின் மீது பாகுத்தன்மையுள்ள திரவம் செலுத்தும் விசையை இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் 1851-இலேயே கணக்கிட்டார். நீரில் மிதக்கும் துகள்கள் ஒலியை உட்கவர்வதற்கான (விழுங்குவதற்கான) வாய்பாட்டை நீரொலி ஆய்வாளர் ராபர்ட் யூரிக் 1948-இல் கயோலின் களிமண்ணையும் நுண்மணலையும் நீரில் கலந்து சோதித்து வெளியிட்டார். இன்றும் பலர் தொடங்குவது அதிலிருந்துதான். உங்கள் எண்களை அதில் இட்டுப் பார்த்தேன். லிட்டருக்கு 1 கிராம், விட்டம் 2 மைக்ரான் என்று கொண்டால், 200 கிலோஹெர்ட்ஸில் மீட்டருக்கு ஏறத்தாழ 0.3 டெசிபெல் இழப்பு வருகிறது (10 டெசிபெல் குறைந்தால் ஒலியின் செறிவு பத்தில் ஒரு பங்காகும்). அதே எடை மண் 0.2 மில்லிமீட்டர் மணலாக இருந்தால் மீட்டருக்கு 0.01 டெசிபெல்தான். 50 கிலோஹெர்ட்ஸில் அதே களிமண் மீட்டருக்கு 0.04 டெசிபெல் மட்டுமே விழுங்கும், அதாவது எட்டில் ஒரு பங்கு. ஓர் அதிர்வெண் மட்டும் பாதிக்கப்பட்டதற்கான காரணத்தின் முதற்பகுதி இது.

நடுநீரில் புகைமூட்டம் இல்லை என்று நீங்கள் எழுதியதை மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். 200 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நீரில் 7 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். 3 மைக்ரான் துகள் அதைவிட இரண்டாயிரம் மடங்குக்கு மேல் சிறியது. அவ்வளவு சிறிய துகளிலிருந்து ஒலி சிதறித் திரும்புவது இல்லையென்றே சொல்லலாம். ஆகவே ஒலியை உண்ணும் களிமண் திரையில் தன்னைக் காட்டிக்கொள்ளாது. கண்ணுக்குச் செக்கச்செவேல் என்று கலங்கிய நீர் கருவிக்குத் தெளிந்த நீராகத் தெரிவதும், அதே நேரத்தில் தரை மட்டும் மங்குவதும் முரண் அல்ல.

ஆனால் ஒன்று இடிக்கிறது. 8 மீட்டர் ஆழத்துக்கு ஒலி போய்வர 16 மீட்டர். மொத்த இழப்பு 5 டெசிபெல். எதிரொலியின் செறிவு மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றுக் கீழே இறங்கும். இத்தகைய கருவிகளுக்கு அது பெரிய இழப்பே அல்ல. கோடு சற்று வெளிறலாமே தவிர மறையாது, அரை மீட்டர் மேலே எழும்பவும் செய்யாது. எனவே மேல்மட்டத்து நீரை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். தரைக்குச் சற்று மேலே உள்ள நீரை எடுத்துப் பார்க்க இயலுமா?

ஊட்டி_ஆசிரியை எழுதியது:

மேலே சொன்ன விளக்கத்துக்குத் துணையாக இரண்டு செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன்.

குமிழிகளை மறந்துவிடக் கூடாது. ஓடை குளத்தில் விழும் இடத்திலும், இலைதழை அழுகும் சேற்றிலிருந்து மீத்தேன் எழும் இடத்திலும் நுண்குமிழிகள் இருக்கும். வாயு எளிதில் சுருங்கி விரிவதால் குமிழி தனக்குரிய அதிர்வெண்ணில் ஒலியோடு ஒத்ததிர்கிறது. நீர்மட்டத்துக்கு அருகில் 200 கிலோஹெர்ட்ஸுக்கு ஒத்ததிரும் குமிழியின் ஆரம் 16 மைக்ரான் அளவே. அப்படிப்பட்ட குமிழிகள் மிகச் சில இருந்தாலும் மண்ணைவிடப் பன்மடங்கு ஒலியைக் கெடுக்கும். ஆனால் குமிழி ஒலியைச் சிதறவும் செய்யும் என்பதால் திரையில் மூட்டமாகத் தெரியும். நடுநீர் தெளிவாக இருந்ததால் அணைக்கரைப் பகுதியில் அதற்கு வாய்ப்புக் குறைவு. ஓடைமுகத்தில் அளக்கும்போது கவனமாக இருங்கள்.

இன்னொன்று குளிர். பல கருவிகள் ஒலியின் வேகம் நொடிக்கு 1500 மீட்டர் என்று கொண்டே ஆழத்தைக் கணக்கிடுகின்றன. அது கடலுக்குப் பொருந்தலாம். 15 டிகிரி வெப்பநிலையில் உள்ள நம் மலை நன்னீரில் வேகம் 1466 மீட்டர்தான். ஆகவே 8 மீட்டர் உண்மை ஆழத்தைக் கருவி ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் கூட்டிக் காட்டும். நீரின் வெப்பநிலையை ஒவ்வொரு முறையும் குறித்துக்கொண்டால் இதைத் திருத்திவிடலாம். கலங்கல் காரணமாக வேகம் மாறாதா என்று யாரேனும் கேட்கலாம். லிட்டருக்கு 1 கிராம் மண்ணால் வரும் வேறுபாடு 8 மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் அளவைத் தாண்டாது.

கடல்சார் அட்டவணைகளிலிருந்து உட்கவர்வு எண்களை எடுத்துப் பயன்படுத்தாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கடல்நீரில் கரைந்துள்ள மக்னீசியம் சல்பேட்டே 200 கிலோஹெர்ட்ஸில் கிலோமீட்டருக்கு 50 டெசிபெலுக்கு மேல் இழப்பை உண்டாக்குகிறது. நன்னீரில் அந்த உப்பின் பங்கு இல்லை. கிலோமீட்டருக்கு 10 டெசிபெல் அளவே. தெளிந்த கடலில் மறைந்துபோகும் சிறிது கலங்கல்கூட நம் குளத்தில் தனித்துத் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம்.

மண்வாசம்_குன்னூர் எழுதியது:

நான் ஒலி படித்தவன் அல்லேன். மண் ஆய்வில் சில ஆண்டுகள் வேலை செய்தவன். துகளின் பருமன்தான் எல்லாம் என்றால் அதை அனுமானித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. வீட்டிலேயே அளக்கலாம்.

நீலகிரியின் மேல்மண் சார்னோக்கைட் பாறை நெடுங்காலம் சிதைந்து உருவான செம்மண். அதில் கயோலினைட், கிப்சைட் ஆகிய கனிமங்கள் மிகுதி. யூரிக் சோதனைக்கு எடுத்த களிமண்ணும் கயோலின் என்பதை இங்கு படித்தபோது எனக்கு உள்ளபடியே மகிழ்ச்சியாக இருந்தது, ஏனெனில் நம் குளங்களில் கலங்குவது பெரும்பாலும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே.

உயரமான கண்ணாடிச் சாடி ஒன்றில் குளத்து நீரை நன்கு கலக்கி ஊற்றி, அசையாத இடத்தில் வையுங்கள். 20 சென்டிமீட்டர் உயரத்தைக் கடக்க 0.2 மில்லிமீட்டர் மணலுக்குப் பத்து நொடிக்குள் போதும். 20 மைக்ரான் வண்டலுக்கு ஏறத்தாழ 10 நிமிடம். 3 மைக்ரான் துகளுக்கு நம் ஊர்க் குளிரில் ஏறக்குறைய 8 மணி நேரம். துகளின் விட்டம் பாதியானால் வீழும் நேரம் நான்கு மடங்காகும் என்பது ஸ்டோக்ஸின் விதி. பத்து நிமிடத்துக்குப் பிறகும், 8 மணி நேரத்துக்குப் பிறகும் நீர் எவ்வளவு கலங்கியிருக்கிறது என்று பாருங்கள்.

ஒரே ஓர் எச்சரிக்கை. களித்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும் இயல்புடையவை. திரளாகிவிட்டால் அவை விரைவாகப் படியும். பருமனை மிகையாகக் கணக்கிட்டுவிடுவீர்கள். மண் ஆய்வகங்களில் திரளைப் பிரிக்கச் சோடியம் எக்சாமெட்டாபாஸ்பேட் கரைசல் சேர்ப்பது வழக்கம். ஒரு சாடியை அதைச் சேர்த்தும் மற்றொன்றை அப்படியேயும் வைத்துப் பாருங்கள். இரண்டும் மிகவும் வேறுபட்டால், குளத்தில் துகள்கள் தனித்தனியாக இல்லை, திரள்களாகவே மிதக்கின்றன என்று பொருள். அப்போது தனித்துகளுக்கான கணக்கை அப்படியே பொருத்த முடியாது.

கோத்தகிரி_விவசாயி எழுதியது:

மூவருக்கும் என் நன்றி. நீங்கள் சொன்னவற்றைச் செய்து பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

சாடியில் வைத்த நீரில் பத்து நிமிடத்தில் அடியில் படிந்தது ஒரு மெல்லிய பூச்சு மட்டுமே. எட்டு மணி நேரம் கழித்தும் நீர் வெளிர்சிவப்பாக, பின்னால் வைத்த எழுத்தைப் படிக்க முடியாத அளவுக்குக் கலங்கியே இருந்தது. கரைசல் சேர்த்த சாடிக்கும் சேர்க்காத சாடிக்கும் சிறிதளவே வேறுபாடு கண்டேன்.

அடிமட்டத்து நீரை எடுக்க, கல் கட்டிய புட்டியின் அடைப்பானைத் தனிக்கயிற்றால் இழுத்துத் திறக்கும் முறையைக் கையாண்டேன். 7 மீட்டர் வரை எடுத்த நீர் மேல்மட்டத்தைப் போலவே இருந்தது. 7.7 மீட்டரில் எடுத்ததோ கரைத்த கேழ்வரகுக் கூழ்போலப் புட்டியிலிருந்து வழிந்தது. உலர்த்தி நிறுத்தபோது லிட்டருக்கு 100 கிராமை நெருங்கியது. கயிற்றில் கட்டிய இரும்புக் குண்டு அந்தக் கூழில் தடையின்றி இறங்கி, 50 கிலோஹெர்ட்ஸ் காட்டும் ஆழத்துக்குச் சற்று மேலே, ஏறத்தாழ ஒரு சாண் வேறுபாட்டில் கெட்டித் தரையைத் தொட்டது. அந்த வேறுபாடு ஆசிரியை அம்மா சொன்ன குளிர்நீர்த் திருத்தத்தோடு ஒத்துப்போவதைக் கண்டு வியந்தேன்.

அலைநீளம் எழுதியது:

புட்டியை இறக்கி நீங்கள் எடுத்த அந்த ஒரு மாதிரியில் விடை இருக்கிறது, ஐயா.

உங்கள் குளத்தின் அடியில் அரை மீட்டர் தடிமனுக்கு நீர்ச்சேறு தங்கியிருக்கிறது. அது நீருமல்ல, இன்னும் மண்ணும் ஆகவில்லை. லிட்டருக்கு 100 கிராம் என்ற செறிவில் அதன் அடர்த்தி நீரைவிட ஆறு விழுக்காடு அளவே கூடுதல் என்பதால், அதன் மேற்பரப்பு ஒலியைக் கெட்டித் தரையைப் போல வலுவாகத் திருப்பாது. 200 கிலோஹெர்ட்ஸில் நீங்கள் கண்ட கலைந்த கோடு அந்த மேற்பரப்பின் மெல்லிய எதிரொலி. அதைத் தாண்டி உள்ளே புகும் ஒலியின் நிலையைப் பாருங்கள்: நூறு மடங்கு மண்செறிவுக்கு மீட்டருக்கு 30 டெசிபெல் அளவில் இழப்பு. அரை மீட்டர் சேற்றைப் போய்வரக் கடந்தால் ஒலியின் செறிவு ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். 50 கிலோஹெர்ட்ஸுக்கு அதே பாதையில் 4 டெசிபெல்தான். ஐந்தில் இரண்டு பங்கு மிஞ்சித் திரும்பி வருகிறது. துகள்கள் இவ்வளவு நெருங்கும்போது ஒன்றின் அசைவு மற்றொன்றைப் பாதிப்பதால் எளிய நேர்விகிதம் துல்லியமாகப் பொருந்தாது, உண்மையான இழப்பு இதைவிடக் குறையலாம். ஆயினும் இரண்டு அதிர்வெண்களுக்கும் இடையிலான இந்தப் பெரும் வேறுபாடு மாறாது. துறைமுகங்களிலும் பெரிய நீர்த்தேக்கங்களிலும் உயர்ந்த அதிர்வெண்ணையும் தாழ்ந்த அதிர்வெண்ணையும் சேர்த்தே அளப்பது இதற்காகத்தான்.

ஆகவே எந்த ஆழத்தை நம்புவது என்ற உங்கள் கேள்விக்கு, குளிர்நீர்த் திருத்தம் செய்த பின் இரண்டையும் நம்புங்கள் என்பதே என் விடை. 50 கிலோஹெர்ட்ஸ் காட்டுவது மார்ச் மாதத்தில் இருந்த பழைய தரை. இரண்டு கோடுகளுக்கும் இடையில் இருப்பது இந்த மழையில் வந்தது.

ஆனால் அந்த அரை மீட்டரை அப்படியே தூர்ச் செலவில் சேர்த்துவிடாதீர்கள். ஒரு சதுர மீட்டருக்கு அதில் உள்ள உலர்மண் 50 கிலோதான். அது நீரை வெளியேற்றி அமுங்கி, நீரில் மூழ்கிய புதிய களிமண் படிவுக்கு வழக்கமான கனமீட்டருக்கு 500 கிலோ என்ற அளவை எட்டும்போது, தடிமன் 10 சென்டிமீட்டராகச் சுருங்கிவிடும். இப்போதே ஒப்பந்தம் பேசினால், அள்ளப் போகும் நீருக்கும் சேர்த்துக் குடும்பங்கள் பணம் கொடுக்க நேரும்.

பிப்ரவரிக் கடைசியில், மழை ஓய்ந்து நீர் தெளிந்த பின், அதே அளவுகற்களுக்கு இடையே மீண்டும் அளந்து பாருங்கள். 50 கிலோஹெர்ட்ஸ் கதிர் அகலமானது என்பதால் செங்குத்தான கரையோரங்களில் பக்கச் சரிவின் எதிரொலி முந்திக்கொண்டு ஆழத்தைக் குறைத்துக் காட்டும். அங்கெல்லாம் 200 கிலோஹெர்ட்ஸையோ இரும்புக் குண்டையோ சார்ந்திருப்பது நல்லது. இரண்டு கோடுகளும் அப்போது ஒன்றாகச் சேர்ந்துவிட்டால் சேறு அமுங்கிவிட்டது என்று கொள்ளலாம், சேராவிட்டால் 7.7 மீட்டரில் இன்னொரு புட்டி நீர் எடுத்து, அதன் உலர் எடையை இங்கே எழுதுங்கள்.